என்ஜினை அணைத்த பிறகு ஃப்ரிட்ஜ் எதில் ஓடும்?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்; திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

கூடாரம் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் நிறைய குரல் பதிவுகள் வந்துச்சு. அதுல ஒண்ணை எடுத்துக்கிட்டே இன்னைக்கு எபிசோடை ஆரம்பிச்சுடலாம். மதுரையிலிருந்து ஒரு நேயர். ஜூன் முதல் வாரத்துல, டீசல் ஃபோர்-வீல்-டிரைவ் வண்டியில, குடும்பத்தோட ஸ்பிட்டி வரைக்கும் போறாங்க. அம்மா இன்சுலின் போட்டுக்கறவங்க. அதுக்காகவே 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஒண்ணு வாங்கிட்டாங்க. கேள்வி இதுதான்: "வண்டி ஓடுறப்ப பிரச்சினை இல்ல சார். ரெண்டு நாள் ஒரே இடத்துல கூடாரம் போட்டு நின்னா ஃப்ரிட்ஜ் ஓடுமா? மூணாவது நாள் காலையில வண்டி ஸ்டார்ட் ஆகுமா?"

நேரா பதில் சொல்லணும்னா, வண்டியோட சொந்த பேட்டரி ஒரு ராத்திரி தாங்கும். ரெண்டு நாள் தாங்காது. ஃப்ரிட்ஜுக்குன்னு தனி பேட்டரி வேணும். ஏன்னு புரிஞ்சுக்கிட்டா, எவ்வளவு பெரிய பேட்டரி, எப்படி வயர் இழுக்கறதுங்கறதெல்லாம் நீங்களே முடிவு பண்ணலாம். கடைக்காரர் சொல்றதை அப்படியே கேட்டுக்க வேண்டியதில்ல.

ஃப்ரிட்ஜ் எவ்வளவு இழுக்கும்?

நிறைய பேர் பயப்படற அளவுக்கு இது கரண்ட் தின்னாது. 40 லிட்டர் கம்ப்ரஸர் பெட்டி ஓடும்போது சுமார் 45 வாட் இழுக்கும். 12 வோல்ட்டால வகுத்தா கிட்டத்தட்ட 4 ஆம்பியர். ஆனா அது 24 மணி நேரமும் ஓடறதில்ல. உள்ளே குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நிக்கும், சூடு ஏறினதும் மறுபடி ஓடும். வெளியே 25, 30 டிகிரி இருக்கிற ராத்திரியில மணிக்கு 20 நிமிஷம் ஓடினா போதும். வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள 40, 45 நிமிஷம் ஓடலாம். ஆகமொத்தம் மிதமான இடத்துல ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-அவர், கடும் வெயில்ல 45-லிருந்து 60 வரைக்கும். இந்த எண்ணை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இதெல்லாம் கம்ப்ரஸர் பெட்டிக்கு மட்டும்தான். ஆன்லைன்ல 'கார் ஃப்ரிட்ஜ்'னு தேடினா மலிவா வர்ற பல பெட்டிகள்ல கம்ப்ரஸரே கிடையாது. ஒரு சின்ன தகடு ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும், பெல்டியர்னு சொல்லுவாங்க. அடையாளம் சுலபம்: குளிர், சூடு ரெண்டுக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கும், பெட்டி தூக்கினா ரொம்ப லேசா இருக்கும். இது வெளி வெப்பத்தை விட 15, 20 டிகிரிதான் குறைக்கும். வெளியே 42-ன்னா உள்ளே 22-க்கு மேல. பால் கெடும், இன்சுலினுக்கும் சரிப்படாது. அதோட விடாம 4, 5 ஆம்பியர் இழுத்துக்கிட்டே இருக்கும். ஒரு நாளைக்கு 100 ஆம்பியர்-அவருக்கு மேல போயிடும். கம்மியா குளிர வெச்சு ரெண்டு மடங்கு தின்னும். ஜூஸ் பாட்டிலுக்கு வேணா வெச்சுக்கலாம்.

வண்டி பேட்டரி ஏன் ஆகாது?

பானட்டுக்கு அடியில இருக்கிற பேட்டரிக்கு ஒரே ஒரு பெரிய வேலை. சாவியைத் திருப்பினதும் சில நொடிக்கு நூத்துக்கணக்கான ஆம்பியரை ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கொடுக்கணும். அதுக்காக உள்ளே ஈயத் தகடுகளை மெல்லிசா, நிறைய வெச்சிருப்பாங்க. மெதுவா, ஆழமா காலி பண்ணினா அந்தத் தகடுகளுக்கு ஆகாது. வீட்டு இன்வெர்ட்டருக்குத் தனியா ட்யூபுலர் பேட்டரி வாங்கறோமே, கார் பேட்டரியை ஏன் மாட்டறதில்ல? அதே காரணம்தான். (அப்போ அந்த ட்யூபுலர் பேட்டரியையே டிக்கியில வெச்சுட்டா என்னன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். வேண்டாம். 50 கிலோவுக்கு மேல எடை, மேடு பள்ளத்துல ஆசிட் சிந்தும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியே வரும். மூடின வண்டிக்குள்ள அது இருக்கவே கூடாது.)

டீசல் வண்டியில பொதுவா 60, 70 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். சின்ன பெட்ரோல் ஜீப்ல இன்னும் கம்மி. மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க. 65-ன்னு போட்டிருந்தா 65-ம் நமக்குன்னு நினைச்சுடாதீங்க. மூணு வருஷம் ஓடின பேட்டரி அவ்வளவு கொடுக்காது. கொடுக்கறதுலயும் மூணுல ஒரு பங்குக்கு மேல எடுத்தா காலையில டீசல் என்ஜினைச் சுத்த வெக்கறது சந்தேகம்தான், குளிர்ல ரொம்பவே சந்தேகம். அப்படின்னா நம்ம கைக்கு வர்றது 20 ஆம்பியர்-அவர், அவ்வளவுதான்.

இப்போ கணக்குப் போடுங்க. ராத்திரி 8 மணியிலிருந்து காலை 7 வரைக்கும் ஃப்ரிட்ஜ் 15 ஆம்பியர்-அவர் போல எடுக்கும். சரியா இருக்கு, ஒரு ராத்திரி ஓடிடும். காலையில கிளம்பி ரெண்டு மூணு மணி நேரம் ஓட்டிட்டீங்கன்னா பேட்டரி திரும்ப ஏறிடும். அதே வண்டி அடுத்த நாளும் நின்னா, பகல் வெயில்லயே மிச்சம் காலி. கதவைத் திறந்து மூடறப்ப எரியற விளக்கு, ராத்திரி முழுக்க சார்ஜ் போட்ட நாலு போன், ஓடிக்கிட்டே இருக்கிற திரை இதெல்லாம் மேல்செலவு.

இதுக்காகத்தான் ஃப்ரிட்ஜ்ல பேட்டரி பாதுகாப்புன்னு ஒரு செட்டிங் கொடுத்திருப்பாங்க. ஹை, மீடியம், லோன்னு மூணு நிலை. பல பெட்டிகள்ல ஹை வெச்சா 11.8 வோல்ட் கிட்ட வந்ததும் ஃப்ரிட்ஜ் தானா நின்னுடும்; லோ வெச்சா 10 வோல்ட்டை ஒட்டி வர்ற வரைக்கும் உறிஞ்சும். வண்டியோட பேட்டரியில ஓட்டறவங்க ஹை தவிர வேற எதையும் தொடாதீங்க. சும்மா இருக்கிற ஈய பேட்டரி 12.7 வோல்ட் காட்டினா நிறைஞ்சிருக்கு, 12.2-ன்னா பாதி, 12.0-ன்னா கால்வாசிதான் மிச்சம். லோ-ல 10 வோல்ட் வரைக்கும் விட்டா வண்டி ஸ்டார்ட் ஆகாது, அது நிச்சயம்.

இப்போ வயர் பிரச்சினை

எங்களுக்கு வர்ற புகார்கள்ல பாதி இங்கேதான் தீரும். "ஹை வெச்சேன் சார், பேட்டரி புதுசு, ஆனா ரெண்டே மணி நேரத்துல ஃப்ரிட்ஜ் எரர் காட்டி நின்னுடுது." ஃப்ரிட்ஜ் மேல தப்பில்ல, பேட்டரி மேலயும் தப்பில்ல. சிகரெட் லைட்டர் சாக்கெட் மேலதான் தப்பு.

அந்த சாக்கெட்டுக்கு வர்ற கம்பெனி வயர் மெல்லிசு. பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் 5 மீட்டர்னு வெச்சுக்கோங்க; போக, வர சேர்த்து 10 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர்ல 4 ஆம்பியர் போனா வழியிலேயே 0.7 வோல்ட் காணாமப் போகும். பேட்டரியில 12.4 இருந்தாலும் ஃப்ரிட்ஜுக்குக் கிடைக்கிறது 11.7. பேட்டரி இறங்கிடுச்சுன்னு நினைச்சு ஃப்ரிட்ஜ் நிறுத்திக்குது. இதைச் சமாளிக்க ஆளுங்க என்ன பண்றாங்கன்னா, செட்டிங்கை லோ-க்கு மாத்திடறாங்க. ஃப்ரிட்ஜ் ஓடுது, சந்தோஷம். ஆனா பாதுகாப்பையே கழட்டி வெச்சாச்சு.

வயரைத் தடிமனா போடறதுதான் சரியான வழி. பேட்டரியிலிருந்து டிக்கிக்கு நேரா 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்தா, அதே 4 ஆம்பியருக்கு இழப்பு 0.12 வோல்ட்தான். பாசிட்டிவ் வயர்ல பேட்டரியை விட்டு ஒரு சாண் தூரத்துக்குள்ள 15 ஆம்பியர் ஃப்யூஸ். இந்த ஃப்யூஸ் ஃப்ரிட்ஜைக் காப்பாத்தறதுக்கு இல்ல, வயரைக் காப்பாத்தறதுக்கு. கல்லு முள்ளு ரோட்டுல குலுங்கிக் குலுங்கி, எங்கேயாவது தகரத்துல உரசி வயர் தோல் கிழிஞ்சா, ஃப்யூஸ் டிக்கி பக்கம் இருந்து ஒண்ணும் பிரயோஜனமில்ல. முன்னாடியே தீ பிடிச்சிருக்கும். தகரத்தைத் தாண்டுற எல்லா இடத்துலயும் ரப்பர் வளையம் போடச் சொல்லுங்க, என்ஜின் பக்கம் ஃப்ளெக்ஸிபிள் பைப்புக்குள்ள விடச் சொல்லுங்க.

டிக்கியில மறுபடி சிகரெட் லைட்டர் சாக்கெட்டையே மாட்டாதீங்க. அந்தப் பின் சும்மா ஸ்பிரிங்ல நிக்குது, நம்ம ஊர் மண் ரோட்டுல பத்து கிலோமீட்டர் போனா தளர்ந்துடும், சுடும். திருகிப் பூட்டற மாதிரியோ, கனமான பிளக் மாதிரியோ வாங்குங்க.

புது வண்டிக்காரங்களுக்கு ஒண்ணு. நெகட்டிவ் முனையில சின்னதா ஒரு சென்சார் மாட்டியிருந்தா, உங்க நெகட்டிவ் வயரை அந்த முனையிலேயே கட்டாதீங்க, பாடி எர்த்ல கட்டுங்க. முனையில கட்டினா சென்சார் கண்ணுல படாம கரண்ட் போகும், பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்குன்னு வண்டி தப்பா கணக்குப் போடும்.

தனி பேட்டரின்னா என்ன பண்ணணும்?

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இப்போ பிரபலமா இருக்கிற பவர் ஸ்டேஷன். பெட்டி மாதிரி தூக்கிட்டுப் போகலாம், வண்டியில எதையும் கழட்ட வேண்டாம், வாரண்டி பயமும் இல்ல. 500 வாட்-அவர் பெட்டி மிதமான வெயில்ல ஒரு நாள் ஓட்டும். ஆனா அதுல இருக்கிற 230 வோல்ட் பிளக்ல ஃப்ரிட்ஜைச் சொருகாதீங்க. 12-ஐ 230 ஆக்கி, ஃப்ரிட்ஜோட அடாப்டர் அதைத் திரும்ப 12 ஆக்கும். ரெண்டு தடவையும் இழப்பு. அதை விட மோசம், ஃப்ரிட்ஜ் ஓடாதப்பவும் இன்வெர்ட்டர் சும்மா உக்காந்து 10 வாட் தின்னும். 24 மணி நேரத்துக்கு 240 வாட்-அவர். பெட்டியில பாதி! 12 வோல்ட் அவுட்புட்லயே கொடுங்க. ஓடற வண்டியோட சாக்கெட்ல இதைச் சார்ஜ் பண்ணினா சுமார் 100 வாட்தான் ஏறும், அதனால காலியானது நிறைய அஞ்சு மணி நேரம் ஓட்டணும்.

இன்னொண்ணு, நிரந்தரமா ரெண்டாவது பேட்டரி. ஆஸ்திரேலியாவுல காட்டு ரோட்டுல போறவங்க ரொம்ப காலமா இப்படித்தான் பண்றாங்க, அங்க இது பெரிய தொழில். இன்னைக்கு வாங்கறவங்களுக்கு நான் சொல்றது 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஈய பேட்டரியில பாதியைத்தான் எடுக்கலாம், இதுல 90 வரைக்கும் எடுக்கலாம். எடையும் பாதிக்குப் பாதி. மிதமான இடத்துல ரெண்டு நாள் தாராளம், கடும் வெயில்ல ரெண்டு நாள் நூல் பிடிச்ச மாதிரி.

முந்தி ஒரு ரிலே வெச்சு ரெண்டு பேட்டரியையும் இணைச்சுடுவாங்க. பழைய வண்டியில, ரெண்டும் ஈய பேட்டரின்னா அது நல்லாவே வேலை செஞ்சுது. இப்போ அது போதாது. பிஎஸ்-6 காலத்து வண்டிகள் பலதுல, முன் பேட்டரி நிறைஞ்சதும் எரிபொருள் மிச்சம் பண்ண ஆல்டர்நேட்டர் தன் வோல்ட்டை இறக்கிக்கும். லித்தியத்துக்கு 14.2-க்கு மேல வேணும், இவர் 13 கொடுத்துக்கிட்டு நிப்பார். பேட்டரி நிறையவே நிறையாது. இன்னொரு பக்கம், காலியான லித்தியத்தை நேரா இணைச்சா அது அளவில்லாம இழுக்கும், ஆல்டர்நேட்டர் சூடாகும். நடுவுல ஒரு டிசி-டிசி சார்ஜர் வெச்சா ரெண்டுக்கும் தீர்வு. 25 ஆம்பியர் சார்ஜர் மூணு மணி நேர ஓட்டத்துல 75 ஆம்பியர்-அவர் ஏத்தும். என்ஜின் அணைஞ்சதும் முன் பேட்டரியை முழுசா பிரிச்சுடும். ஃப்ரிட்ஜ் என்ன கூத்து பண்ணினாலும் ஸ்டார்ட்டருக்கான பேட்டரியை அது தொடாது. நான் காசு செலவு பண்ணச் சொல்ற ஒரே இடம் இதுதான்.

லித்தியத்தை பானட்டுக்குள்ள வைக்காதீங்க, அந்தச் சூடு ஆகாது. உள்ளேயே வெச்சு, பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்க. ஃப்ரிட்ஜையும்தான். சாமானோட 30 கிலோ. வண்டி சாஞ்சா முதல்ல பறந்து வர்றது அதுதான்.

சோலார் பத்தி சுருக்கமா. 120 வாட் பேனல்ல நல்ல வெயில்லயும் 70, 80 வாட்தான் வரும். ஒரு நாளைக்கு 350 வாட்-அவர் கிடைச்சா ஃப்ரிட்ஜோட செலவுல பெரும்பகுதி வந்துடும். ஆனா பேனலைக் கூரையில பதிச்சா வண்டியை வெயில்ல நிறுத்தணும், வெயில்ல நிறுத்தினா ஃப்ரிட்ஜ் இன்னும் அதிகமா ஓடும். மடிக்கிற பேனல் வாங்கி, நீளமா வயர் போட்டு, வண்டியை மரத்தடியில நிறுத்தி பேனலை மட்டும் வெயில்ல விரிங்க.

என்ஜினை ஐடில்ல ஓட விட்டு சார்ஜ் ஏத்தலாமான்னு கேக்கறவங்களுக்கு: ஐடில்ல ஆல்டர்நேட்டர் கம்மியாத்தான் கொடுக்கும், டீசல் வீண். வண்டிக்குள்ளேயோ, வண்டியை ஒட்டின கூடாரத்துலேயோ ஆள் தூங்கும்போது என்ஜின் ஓடவே கூடாது. புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கறவங்க எழுந்திருக்க மாட்டாங்க.

பேட்டரியைப் பெருசாக்கறதுக்கு முன்னாடி சூட்டைக் குறைங்க

மே, ஜூன் வெயில்ல பூட்டின வண்டிக்குள்ள 60 டிகிரியைத் தொடும். அதுக்குள்ள ஃப்ரிட்ஜை வெச்சுட்டு பேட்டரி போதலைன்னா எப்படி? நிழல் பாருங்க, ஜன்னல்ல மறைப்பு போடுங்க, கொஞ்சம் காத்து போக வழி விடுங்க. பெட்டி மேல கம்பளி போர்த்தலாம், ஆனா கம்ப்ரஸர் மூச்சு விடற ஓட்டைகளை அடைச்சுடாதீங்க. கிளம்பறதுக்கு முந்தின நாளே வீட்டு கரண்ட்ல போட்டு, சாமானையும் வீட்டு ஃப்ரிட்ஜ்ல குளிர வெச்சு அடுக்குங்க. சூடான தண்ணி பாட்டில் பத்து உள்ளே போட்டா முதல் நாள் பேட்டரி அதுக்கே போயிடும். வீட்டு ஃப்ரீசர்ல உறைய வெச்ச ரெண்டு லிட்டர் பாட்டில் ஒண்ணு போடுங்க. ஒரு லிட்டர் ஐஸ் உருகறதுக்குள்ள கிட்டத்தட்ட 93 வாட்-அவர் வெப்பத்தை உறிஞ்சும். காசில்லாத பேட்டரி அது.

அம்மாவோட இன்சுலின்

மதுரை நேயருக்கு இது. உங்க பாதையில ரெண்டு எதிர் எதிர் ஆபத்து இருக்கு. நாக்பூர் பக்கம் ஜூன் தொடக்கத்துல 43, 44 டிகிரி சாதாரணம். அங்கே மதியம் சாப்பிட வண்டியைப் பூட்டிட்டுப் போற ஒரு மணி நேரம்தான் மோசமான நேரம். ஃப்ரிட்ஜ் ஓடிக்கிட்டிருக்கான்னு பாத்துட்டுப் போங்க. சாவி எடுத்ததும் செத்துப்போற சாக்கெட்ல மாட்டியிருந்தா அது ஓடாது.

பிரிக்காத இன்சுலினை 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள வெக்கணும். உறையவே கூடாது, உறைஞ்சு உருகினது பாக்க நல்லாயிருந்தாலும் தூக்கிப் போடணும். ஃப்ரிட்ஜை 4, 5 டிகிரியில வைங்க. ஐஸ் பாட்டிலையும் குளிர்த் தகட்டையும் ஒட்டி வைக்காதீங்க, நடுவுல டப்பாவுக்குள்ள, துண்டுல சுத்தி. திரையில காட்டற எண்ணை நம்பாம பக்கத்துல தனியா ஒரு சின்ன தெர்மாமீட்டர் போடுங்க. இப்போ உபயோகத்துல இருக்கிற பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே சுமார் நாலு வாரம் வெளியிலேயே இருக்கலாம். உங்க மருந்துக்கு எவ்வளவுன்னு டப்பாக்குள்ள இருக்கிற தாள்ல இருக்கும், கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டயும் கேட்டுக்கோங்க. எல்லா மருந்தையும் ஒரே பெட்டியில வைக்காதீங்க. பாதியைத் தண்ணியில நனைச்சுக் குளிர வெக்கிற பையில தனியா வைங்க. மண்பானைத் தத்துவம்தான், நாக்பூரோட வறண்ட காத்துல நல்லா வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்துல அவ்வளவா செய்யாது.

மேல ஏறினதும் கதை தலைகீழ். சந்திரதால் பக்கம் ஜூன் ராத்திரியிலயும் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். ஃப்ரிட்ஜ் ஓடவே ஓடாது, பேட்டரிக் கவலை இல்ல. ஆனா பெரும்பாலான பெட்டிகள் குளிர வெக்கத்தான் தெரிஞ்சவை, சூடாக்கத் தெரியாது. வண்டியில விட்ட இன்சுலின் அங்கேயே உறைஞ்சு போகலாம். ராத்திரி அதை எடுத்து அம்மாவோட ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வெச்சுடுங்க. லித்தியம் பேட்டரியும் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏத்தக் கூடாத ஜாதி. நல்ல பேட்டரியில அதைத் தடுக்கிற சர்க்யூட் இருக்கும். காலையில சார்ஜ் ஏறலைன்னா பயப்படாதீங்க, வண்டி உள்ளே சூடாகட்டும், தானா ஏறும்.

கையில லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒண்ணு சார்ஜோட வெச்சுக்கோங்க, ரெண்டாவது பேட்டரி இருந்தாலும். அந்த மலையில பக்கத்து வண்டிக்காரரைத் தேடிப் போற தூரம் அதிகம்.

கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வீட்டு வாசல்லயே ஒத்திகை பாருங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியை நிறுத்தி, பயணத்துக்கு அடுக்கற மாதிரியே ஃப்ரிட்ஜை அடுக்கி, ஞாயித்துக்கிழமை காலை வரைக்கும் சாவியைத் தொடாதீங்க. காலையும் ராத்திரியும் ரெண்டு பேட்டரியோட வோல்ட்டையும் குறிச்சு வைங்க. கம்ப்ரஸர் ஓடாத நேரமா பாத்து அளங்க, ஓடும்போது எண் கம்மியாத்தான் காட்டும். லித்தியத்துல வோல்ட் கடைசி வரைக்கும் 13 கிட்டயே நின்னு திடீர்னு விழும், அதனால அதுக்கு வோல்ட்டை நம்பாம ஆம்பியர்-அவரை எண்ணிக் காட்டற ஷண்ட் மீட்டர் மாட்டுங்க. ஞாயித்துக்கிழமை காலை அதுல என்ன வந்துச்சுன்னு எங்களுக்கும் அனுப்புங்க.